ஆற்றை என்று கேளாதவர்

எஞ்சினைக் கிளப்புகிற அந்த ஸ்ராட்டர் மோட்டரைக் கழட்டி விற்றது நீங்கள்தான். அம்புலன்ஸ் நிற்கிற கொட்டிலின் பூட்டுக்குத் திறப்பு உங்களிடம் மட்டும்தான் இருந்தது. உங்கள் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வாகனத்துக்குப் பொறுப்பானவர் என்றால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். உங்களுக்கும் விளங்கும்.

ஆனால் உங்களைப் பற்றி எழுத நான் இந்தப் பேனையை எடுக்கவில்லை. நீங்கள் விற்ற மோட்டரை வாங்கித் தன்னுடைய பழைய டீசல் காரில் பூட்டிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய பெயரும் இதில் இல்லை. அவரும் ஒருவருடைய பெயரையும் கேட்டதில்லை.

விசுவமடுவிலிருந்து உள்ளே போகிற மண் றோட்டில், வாய்க்காலைத் தாண்டிக் கடைசிக்கு முதல் வீடு அவருடையது. கடைசி வீடு என்னுடையது. நடுவில் ஒரு கிளுவை வேலி. நான் மாவரைக்கிற மில் வைத்திருக்கிறேன். மில்லில் ஏதாவது பழுதென்றால் வேலிக்கு மேலால் கூப்பிடுவேன்.

"அண்ணை, பெல்ற் அறுந்துபோச்சு."

பதில் வராது. கொஞ்ச நேரத்தில் ஆள் வரும். கையில் ஒரு பெல்ற் இருக்கும். அது புதிதாக இருக்காது.

"எங்கை அண்ணை எடுத்தனீங்கள்?"

"அளவு சரியோ எண்டு பார், பிள்ளை."

இதுதான் அவர். கேட்டது ஒரு பக்கம் போகும், பதில் இன்னொரு பக்கம் வரும். நெடிய ஆள். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். வாகனத்துக்குக் கீழே கிடந்து கிடந்து, நிமிர்ந்து நிற்கிறபோதும் ஏதோ தலையில் இடிக்கும் என்று குனிந்தபடி நிற்பார். கழட்டிய போல்ற்றுகளை நிலத்தில் வைக்க மாட்டார். வாயில் கவ்விக்கொள்வார். வாயில் போல்ற் இருக்கும்வரை அவரிடம் ஒரு கதையும் எடுக்க முடியாது. அதற்காகத்தான் கவ்வுகிறார் என்று அவருடைய மனைவி சொல்லுவா. அவாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு பொருள் யாருடையது என்று கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் போதும். ஆற்றை. வேலியில் காய்கிற சீலை ஆற்றை, வயலுக்குள் நிற்கிற மாடு ஆற்றை. பிள்ளைகள் கதைக்கத் தொடங்கும்போதே இந்தச் சொல் வந்துவிடும். அவருடைய வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களை விட்டபோது ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. விட்டுவிட்டு ஓடிய வாகனங்களைச் சில வெளிகளில் குவித்து வைத்திருந்தார்கள். லொறி, உழவு மெசின், பஸ், மோட்டச்சைக்கிள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. சனங்கள் தங்களுடையதைத் தேடிப் போனார்கள். சிலர் அழுதுகொண்டு திரும்பினார்கள், சிலர் ஒரு சக்கரச் சில்லோடு திரும்பினார்கள். அவருக்கு அவருடைய கார் கிடைத்தது. கூடும் எஞ்சினும் இருந்தன. மற்றதெல்லாம் எரிந்தோ கழன்றோ போயிருந்தது. மற்றதை அவர் அங்கேயும் இங்கேயும் எடுத்துப் பூட்டினார். கதவு நாலும் நாலு நிறம். முன் சீற் ஒரு வானுடையது. எஞ்சினை மூடுகிற பொனற் எதனுடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

தேத்தண்ணிக் கடையில் பெடியங்கள் பகிடி விடுவார்கள்.

"அண்ணையின்ர காருக்கு எத்தினை தேப்பன்?"

"கேளாதை. அண்ணைக்குக் கேக்கிறது பிடிக்காது."

அவரும் சேர்ந்து சிரிப்பார். சத்தம் வராத சிரிப்பு.

ஆனால் இடது பக்கப் பின்கதவில் பகிடி ஒன்றும் இல்லை. அது வெளிர்நீலக் கதவு. உட்பக்கத்தில், ஒரு பிள்ளையின் தலை வருகிற உயரத்தில், ஆணியாலோ கொம்பாசாலோ ஒரு பெயர் கீறியிருந்தது. கடைசி எழுத்து முடியவில்லை. பாதியில் நின்றது. அக்கா அந்தப் பக்கம் இருக்கவே மாட்டா. காரில் எவ்வளவு நெருக்கம் என்றாலும் வலது பக்கம்தான்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கதவை மாத்துங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளை எங்கை எண்டு உங்களுக்கு யோசினை வாறேல்லையோ?"

"கேட்டா ஒண்டையும் தொடேலாது. உம்மட குசினியில இருக்கிற கிடாரம்? எங்கட கூரைத் தகரம்? எல்லாம் ஒருத்தற்றைதான்."

"அப்ப அந்தப் பேரையெண்டாலும் அழியுங்கோவன்."

அவர் அழிக்கவும் இல்லை. கேட்கவும் இல்லை. ஆட்களை ஏற்றுகிறபோது அந்தப் பெயரின்மேல் ஒரு துவாயைத் தொங்க விடுவார்.

இந்தக் கேளாமை ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய். ஒரு முறை ஒரு பசு வழிதவறி அவருடைய வளவுக்குள் வந்தது. கட்டினார், தவிடு வைத்தார். ஒருவரிடமும் போய் விசாரிக்கவில்லை. அது அங்கேயே கன்று போட்டது. பிறகு உடையார்கட்டுப் பக்கமிருந்து சொந்தக்காரன் கத்திக்கொண்டு வந்தான். அண்ணை கயிற்றை அவிழ்த்துத் தாயையும் கன்றையும் அவன் கையில் கொடுத்தார். "நீதான் சொந்தக்காரன் எண்டதுக்கு என்ன சாட்சி" என்று ஒரு சொல் கேட்கவில்லை. கிடங்கு தோண்டுகிற அவருடைய அலவாங்கை யாரோ எடுத்துப் போனபோதும் அப்படித்தான். எடுத்தவனின் வேலிக்குள் அது சாத்தியிருந்தது. நான் காட்டினேன். "தேவைப்பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரும் அப்படித்தான். ஊரில் யாருக்காவது வருத்தம் என்றால் அவருடைய படலையைத்தான் தட்டுவார்கள். அம்புலன்ஸ் ரைவர் மாற்றலாகிப் போய் வெகு காலமாக அந்த வான் கொட்டிலுக்குள் நின்றது. ஆகவே பிள்ளை பெறப் போகிறவள், பூச்சி மருந்து குடித்தவன், பாம்பு கடித்தவன் எல்லோரும் அந்த நாலு நிறக் காரில்தான் போனார்கள். ஊரோடு கதை பேச்சு இல்லாத ஒருவன் இருந்தான். இயக்கம் இருந்த காலத்தில் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று அவனைச் சொல்வார்கள். அவனுக்கு நெஞ்சு நோ வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணை துவாயைத் தொங்க விட்டு, அவனை ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான்.

ஸ்ராட்டர் பழுதாகத் தொடங்கியது ஒரு மாரி மழைக்கு முதல். திறப்பைத் திருகினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் இறங்கி, கீழே கையை விட்டு, சில்லுக் கழட்டுகிற கம்பியால் மோட்டரில் தட்டுவார். பிறகு பிடிக்கும். கொஞ்ச நாளில் தட்டினாலும் பிடிக்கவில்லை. தள்ளத் தொடங்கினோம். எங்கள் நிலம் தட்டை. சரிவென்று இருந்தது வாய்க்கால் கட்டு ஒன்றுதான். ஆகவே பின்னேரங்களில் காரைக் கொண்டுபோய்க் கட்டில் ஏற்றி, மூக்கைக் கீழே பார்க்க விட்டு, சில்லுக்குக் கல்லு வைத்துவிட்டு வருவார். கல்லை எடுத்தால் கார் தானாக உருண்டு ஸ்ராட் ஆகும். ஊர் அதைப் பெரிய கெட்டித்தனம் என்று சொன்னது.

அக்காவுக்கு முட்டு. மூச்சு இழுக்கிற வருத்தம். மழை இருட்டினால் அவாவின் நெஞ்சுக்குள் விசில் ஊதும். ஒரு பின்னேரம் அது கூடிவிட்டது. மூச்சு மருந்துப் பம்ப் அடித்தும் நிற்கவில்லை. நான் அவாவைப் பிடித்துக்கொண்டு படலையில் நிற்கிறேன். அவர் காரை எடுக்க வாய்க்கால் கட்டை நோக்கி ஓடுகிறார். அந்த வயதில் ஒரு மனிதன் அப்படி ஓடி நான் பார்க்கவில்லை. அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னா.

"என்ரை சாவு... அந்தக் கட்டிலதான் நிக்குது."

அன்று கார் வந்தது. அவா பிழைத்தா. அடுத்த நாள் அவர் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினார்.

திரும்பி வந்தபோது தோளில் ஒரு உரப்பை. பழைய வாகனச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஒருவரிடம் வாங்கினாராம். பைக்குள் மோட்டர். கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. அவ்வளவு புதுப் பெயின்ற்.

மறுநாள் காலை வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்ர கை வேணும்."

விளங்காமல் போனேன். பாலை மரத்துக்குக் கீழே காரின் முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, கீழே மரக்குற்றி கொடுத்திருந்தார். பற்றரி வயரை முதலே கழட்டிவிட்டார். அதில் அவர் ஒழுங்கானவர். மோட்டரைப் பிடித்திருக்கிற கீழ்ப் போல்ற் லேசாகக் கழரும். மேல் போல்ற் எஞ்சினுக்கும் காரின் தகரச் சுவருக்கும் நடுவில் ஒரு பொந்துக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அவருடைய கை அதற்குள் போகாது.

"உன்ர கை மெல்லிசு. தடவிப் பார்த்து, போல்ற் கழட்டிற சாவியைக் கொழுவு. கொழுவினாப் பிறகு நான் கீழை இருந்து தட்டுறன்."

மாப் படிந்த கையோடு நான் அந்தப் பொந்துக்குள் முழங்கை வரை விட்டேன். சூடு இல்லை, ஆனாலும் அந்த இடம் ஏதோ உயிருள்ள ஒன்றின் வாய் மாதிரி இருந்தது. சாவியைக் கொழுவினேன். அவர் தட்டினார். கழன்றது. பழைய மோட்டர் அவருடைய நெஞ்சில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அக்கா குசினி வாசலில் கதிரையில் இருந்துகொண்டு பார்த்தா.

அவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல்லுகளை ஒப்பிட்டார். சரியாக இருந்தது. பிறகு வயர் பூட்டுகிற இடத்தில் பெயின்ற் இருந்தால் கறண்ட் போகாது என்று கத்தியால் சுரண்டத் தொடங்கினார். சுரண்டினார். நிறுத்தினார். பிறகு மோட்டரைத் தன் மடிப் பக்கம் திருப்பி, இன்னும் கொஞ்சம் சுரண்டினார். வாயில் போல்ற். நான் பார்த்தது அவருடைய முகத்தை மட்டும்தான். பாம்பு ஒன்று காலடியில் கிடப்பதைக் கண்டவன் அசையாமல் நிற்பானே, அப்படி.

"என்னண்ணை?"

தலையாட்டினார், ஒன்றுமில்லை என்று.

வாசலிலிருந்து அக்கா கேட்டா. அவாதான் அந்த வீட்டில் கேட்கிறவா.

"ஆற்றையப்பா அது?"

அவர் வாயிலிருந்த போல்ற்றை எடுத்தார்.

"நிக்கிறதில கிடந்தா அது வெறும் இரும்பு. ஓடுறதில கிடந்தாத்தான் மோட்டர்."

"நான் கேட்டது அதையில்லை."

"உம்மட மூச்சுக்குத்தான் பூட்டிறன். பேசாமல் இரும்."

சுரண்டிய இடத்தில் கிறீசை அள்ளித் தடவினார். பூட்டினோம். மேல் போல்ற்றை இறுக்கியது என் கை. திறப்பைத் திருகியதும் கார் முதல் தொடலிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்துக்கு றோட்டில் போன சனம் கைதட்டியது. அவர் மட்டும் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோனால் காரை உள்ளே விடமாட்டார். கேற்றடியில் இறக்கிவிட்டு, எஞ்சினை நிற்பாட்டாமலே நிற்பார். டீசல் விலை ஏறிக்கிடந்த நேரம். ஒரு சொட்டை வீணாக்காத மனிதர், நோயாளி திரும்பி வரும்வரை காரை ஓடவிட்டபடி காத்திருப்பார்.

"ஏன் நிப்பாட்டேல்லை?" என்று அக்கா கேட்டா.

"திரும்பப் பிடிக்காட்டில்?"

"புது மோட்டரெல்லோ?"

அவர் துவாயால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

மாரி பிறந்தது. அந்தக் கிழமைதான் அம்புலன்சுக்குப் புது ரைவர் வந்தான். நல்ல பெடியன். வந்த அன்றே வானைப் பார்க்க வேண்டும் என்று உங்களிடம் திறப்புக் கேட்டவன். வானைப் பொறுப்பெடுக்கிற கடுதாசி வேலை முடியட்டும் என்று சொல்லித் திறப்பைக் கொடுக்காமல் வைத்திருந்தவர் நீங்கள். அப்போது அது ஒரு சாதாரண இழுத்தடிப்பு என்று அவன் நினைத்தான். இப்போது நான் அப்படி நினைக்கவில்லை.

காலையிலேயே மழை. அண்ணை ஒரு கிழவரை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தார். நான் மில்லில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை விழுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். அக்கா நிலத்தில் இருந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்கு இழுபட்டா. உதடு நீலம். சந்தியில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் ஒரு இளம் பிள்ளை. தன்னால் முடிந்ததெல்லாம் செய்தா. புகை மருந்து பிடித்தா, ஊசி போட்டா. பிறகு, "இஞ்ச வச்சிருக்கேலாது, கிளிநொச்சிக்கு உடனை அனுப்ப வேணும்" என்றா.

அக்காவை வானில் ஏற்றினோம். பெரிய ஒக்சிசன் சிலிண்டர் வானுக்குள்தான் பூட்டியிருந்தது. முகமூடி போட்டதும் அவாவின் நிறம் கொஞ்சம் திரும்பியது. என் கையைப் பிடித்தா. அன்றைக்கென்று நீங்கள் லீவு. டொக்டர் போனில் சத்தம் போட்ட பிறகுதான் திறப்பு எங்கே கிடக்கிறது என்று சொன்னீர்கள். பெடியன் ஏறித் திறப்பைத் திருகினான்.

ஒரு சத்தமும் இல்லை. "டிக்" கூட இல்லை.

திரும்பவும் திருகினான். இறங்கிக் கீழே குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். மோட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வயர்களின் நுனியில் யாரோ பொறுமையாகக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றிவிட்டிருந்தார்கள், ஒன்றோடொன்று முட்டாமல். பதறிக்கொண்டு களவெடுக்கிறவன் ரேப் சுற்றிக்கொண்டு நிற்க மாட்டான். அந்த வேலையைச் செய்தவனுக்கு வெளிச்சம் இருந்தது, நேரம் இருந்தது, தன்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

தள்ளினோம். வார்ட்டில் நின்ற ஆட்கள், ஓட்டோக்காரன், நான், எல்லோரும் தள்ளினோம். கியரில் விட்டுத் தள்ளினால் சில்லு உருண்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். முற்றம் முழுக்கச் சேறு. சில்லு உருளவில்லை. இறுகி நின்று சறுக்கியது. உள்ளே அக்கா எங்களைப் பார்த்தபடி இருந்தா. வேறொரு அம்புலன்ஸ் கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டுவிட்டது என்றார்கள். அந்தத் தூரம் எங்களுக்குத் தெரியும். நான் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"புதுக்குடியிருப்புத் தாண்டீட்டன், வாறன்" என்றார்.

நாங்கள் வானைச் சேற்றிலிருந்து இழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே சிலிண்டரின் முள்ளு விழுந்துவிட்டது. ஒக்சிசன் முடிகிறது. வேறு இல்லை.

அந்த மோட்டரைப் பூட்டிய பிறகு அவர் அன்றுதான் முதல் முறையாகக் காரை ஆஸ்பத்திரிக்கு உள்ளே கொண்டுவந்தார். எஞ்சின் ஓடியபடி நின்றது. இறங்கியவர் முதலில் அக்காவைப் பார்க்கவில்லை. மழைக்குள் குனிந்து வானுக்குக் கீழே பார்த்தார். சுற்றி நின்ற எல்லோரும் "ஆர் கழட்டினது, ஆர் கழட்டினது" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் கேட்கவில்லை.

அக்காவைத் தூக்கிக் காரில் போட்டோம். அவசரத்தில் இடது பக்கக் கதவுதான் திறந்தது. அந்தப் பக்கம்தான் கிடத்தினோம். தலை என் மடியில். துவாய் எங்கேயோ விழுந்துவிட்டது. பரந்தன் சந்திக்கு இந்தப் பக்கம், மழை விட்டு வெயில் எறித்த ஒரு இடத்தில், அவாவின் நெஞ்சுக்குள் ஊதிய விசில் நின்றது. கை கதவில் கிடந்தது, அந்தப் பெயரின்மேல். வேண்டுமென்று வைத்தாவோ தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் காரை நிற்பாட்டிவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தார். கிளிநொச்சி வரை மெல்ல ஓடினார்.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் வேலிக்கு மேலால் குரல் வந்தது.

"பிள்ளை, உன்ர கை வேணும்."

போனேன். கார் ஜக்கில் நின்றது. நான் ஒன்றும் கேட்காமல் பொந்துக்குள் கையை விட்டு மேல் போல்ற்றுக்குச் சாவியைக் கொழுவினேன். மோட்டர் இறங்கியது. அவர் அதை ஒரு சட்டிக்குள் வைத்து, டீசல் ஊற்றி, பிறஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். கிறீஸ் போனது. கறுப்புப் பெயின்ற் போனது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்து. எங்கள் ஆஸ்பத்திரியின் வாங்கிலும் கட்டிலிலும் சேலைன் கொழுவுகிற கம்பியிலும் இருக்கிற அதே சிவப்பு, அதே எழுத்து. அவருடைய காரின் எஞ்சினும் அந்த வானின் எஞ்சினும் ஒரே வகை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பூட்டேக்கையே."

"தெரிஞ்சுகொண்டோ பூட்டினனீங்கள்?"

"வான் ரைவர் இல்லாமல் சும்மா நிண்டது, பிள்ளை. கார் ஓடினது. எல்லாரையும் ஏத்தினது. வேற ஒண்டு கிடைச்சா உதைக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டுதான் இருந்தனான்."

"ஆற்றை எண்டு அண்டைக்கு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, அக்கா இண்டைக்கு இந்தக் கதிரையில இருந்திருப்பா."

சொன்னேன். அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். அதைவிடக் கடுமையாகவும் சொன்னேன். அவர் பிறஷ்ஷைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, "ஓம்" என்றார். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பு அவர் கேட்கவும் இல்லை. எரிந்த வாகனக் குவியலுக்குள் நின்று, ஆற்றை என்று கேட்டால் பைத்தியம் பிடிக்கும் என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் கேட்காதது சரி. அந்தக் காலம் முடிந்த பிறகும் கேட்காமல் இருந்தார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம், அதனால்தான் உங்களைப் போன்ற ஒருவருக்கு எங்கள் ஊர் வசதி.

மோட்டரை உரப்பையில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டினார். நானும் கூடப் போனேன். நீங்கள் உங்கள் அறையில் இருந்தீர்கள். புது ரைவர் வாசலில் நின்றான். அண்ணை பையை அவிழ்த்து, சிவப்பு எழுத்து உங்களுக்கு நேரே தெரியும்படி, மோட்டரை உங்கள் மேசையில் வைத்தார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு போனைப் பார்த்தீர்கள்.

"அதில ஒரு பக்கமா வையுங்கோ" என்றீர்கள்.

அண்ணை நின்றார். நான் நின்றேன். எங்கிருந்து கொண்டுவந்தீர்கள், யார் தந்தது, எப்படி உங்கள் கைக்கு வந்தது, ஒரு சொல் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியின் களவுபோன மோட்டர், அது இல்லாமல் ஒரு மனிசி செத்துப்போய் எட்டு முடிந்திருக்கிறது, அதை ஒருவன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறான். தெரியாதவன் என்றால் கேட்பான். கத்துவான். பொலிசைக் கூப்பிடுவான். கேட்காமல் இருப்பவன், பதில் தெரிந்தவன் மட்டும்தான்.

அப்போதுதான் அந்தச் சொல்லை அவருடைய வாயிலிருந்து கேட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை.

"தம்பி, ஆற்றை எண்டு கேக்க மாட்டீரோ?"

"வீட்டை போங்கோ ஐயா. வேலை கிடக்கு."

திரும்பி வரும்போது வாய்க்கால் கட்டடியில் சைக்கிளை நிறுத்தினார். காரை ஏற்றி வைக்கிற சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரும் கேக்கேல்லை, பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு கன நாள் அவர் இருக்கவில்லை. வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். உயிரோடு இருக்கிறார் என்கிறார்கள். போன் எடுத்தால் தங்கச்சிதான் கதைக்கிறா. கார் பாலை மரத்துக்குக் கீழே நிற்கிறது, மோட்டர் இருந்த இடத்தில் ஓட்டையோடு. முதலில் பக்கக் கண்ணாடி போனது. பிறகு பற்றரி. போன கிழமை பொனற்றைக் காணவில்லை. எடுத்தவர்கள் எங்கள் ஊர்ச் சனம்தான், பகலில்தான் எடுத்தார்கள். வெளிர்நீலக் கதவை மட்டும் இன்னும் ஒருவரும் தொடவில்லை.

அம்புலன்ஸ் இப்போது ஓடுகிறது. புது மோட்டர் வந்தது. அப்படியென்றால் உங்கள் மேசையில் நாங்கள் வைத்தது எங்கே? ரைவர் பெடியன் தேடிப் பார்த்தான். இல்லை. நான் கிளிநொச்சிக்குப் போய், அண்ணைக்கு அதை விற்றவரையும் கண்டு கதைத்தேன். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் மோட்டச்சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னார். பெயர் சொல்லப் பயந்தார். "நான் உதெல்லாம் கேக்கிறேல்லை" என்றார். எங்கே போனாலும் இதே பதில்தான்.

நான் கேட்கிறேன். வருகிற ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கக் கூட்டம் அந்த முற்றத்தில்தான் நடக்கும், அக்கா கிடந்த வானை நாங்கள் தள்ளிய அதே முற்றத்தில். சனம் முழுக்க வரும். நான் மில்லைப் பூட்டிவிட்டு வந்து முன் கதிரையில் இருப்பேன். அறைக்குள் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். எழும்பி நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கோ.

அந்த மோட்டர் ஆற்றை?